வீட்டிலிருந்தே இணையம்வழி கூடுதல் வருமானம்: குமரி மாவட்டத்தில் எது யாருக்குப் பொருந்தும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் படித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் ஏராளம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் மாநிலத்திலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் பணியிடத்துக்குக் காத்திருப்பவர், பொறியியல் படித்துத் திருமணத்துக்குப் பின் வேலையை விட்டவர், கணவர் வளைகுடாவிலோ ஆழ்கடலிலோ இருக்கப் பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொண்டு நாளில் இரண்டு மூன்று மணி நேரத்தை மட்டும் மிச்சம் பிடிப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் எனப் பல நிலைகளில் இருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: வீட்டுப் பொறுப்புகளை விடாமல், நேர்மையான வழியில், மாதம் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ இணையம்வழி ஈட்ட முடியுமா? முடியும். ஆனால் ஒருவருக்குப் பலன் தந்த வழி அடுத்த வீட்டுக்காரருக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஆகவே நம் மாவட்டத்துச் சூழலை மனத்தில் கொண்டு இந்த வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஒப்பிடுவதற்கு நான்கு கேள்விகள் போதும். முதல் ரூபாய் கைக்கு வருவதற்கு முன் நாம் எவ்வளவு செலவிட வேண்டும்? அந்த முதல் ரூபாய் வர எவ்வளவு காலம் ஆகும்? விலையைச் சொல்வது நாமா, வேறொருவரா? மகப்பேறோ நோயோ குறுக்கிட்டு ஒரு மாதம் வேலையை நிறுத்தினால், திரும்பி வரும்போது அந்த வருமானம் காத்திருக்குமா? இவற்றுள் மூன்றாவது கேள்வியையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். பிறர் விலை வைக்கும் வேலையில், அதே வேலையைச் செய்ய முன்வருவோர் பெருகப் பெருகக் கூலி இறங்கிக்கொண்டே போகும். எத்தனை மணி நேரம் கூடுதலாக உழைத்தாலும் அந்த இறக்கத்தை ஈடுகட்ட முடியாது.

இந்த நான்கு கேள்விகளுக்கும் நல்ல பதில் தருவது இணையம்வழிக் கற்பித்தல். நம் ஊர்களில் வளைகுடா நாடுகளில் உறவினர் இல்லாத தெரு அரிது. அங்கே வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுத்தரவும், கணக்கும் அறிவியலும் சொல்லித்தரவும் ஆள் தேடும் பெற்றோர் பலர். நேரமும் நமக்குச் சாதகமாகவே அமைகிறது. ஐக்கிய அரபு அமீரகம் நமக்கு ஒன்றரை மணி நேரமும், சவூதி அரேபியா, குவைத், கத்தார் ஆகியவை இரண்டரை மணி நேரமும் பின்தங்கியிருப்பதால், துபாயில் பிள்ளை பள்ளிவிட்டு வந்து மாலை 4 மணிக்கு உட்காரும்போது இங்கே 5.30 மணி, ரியாத்தில் என்றால் 6.30 மணி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சனிக்கிழமை காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30 மணி, குளிர்காலத்தில் 7.30 மணி. விடியலில் எழுந்து திரையின் முன் உட்கார வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை.

இதற்குத் தேவைப்படும் முதலீடும் சிறிது. நல்ல கைபேசி, அதை அசையாமல் நிறுத்த ஒரு தாங்கி, ஒலிவாங்கியுடன் கூடிய இயர்போன், ஒரு சிறிய வெள்ளைப் பலகை ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். ஜூம் செயலியின் கட்டணமில்லாச் சேவை 40 நிமிடத்தில் நின்றுவிடும்; கூகுள் மீட்டில் மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்தால் 60 நிமிடம் கிடைக்கும். பாடத்தை 40 நிமிடத்துக்குள் அமைத்துக்கொண்டால் செயலிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. தமிழ் கற்பிப்போர், 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாடுவாழ் பிள்ளைகளுக்காக இணையத்தில் வைத்திருக்கும் பாடங்களைப் பயன்படுத்தலாம். எழுத்தில் தொடங்குவதா, பேச்சில் தொடங்குவதா என்ற குழப்பம் புதிதாகத் தொடங்கும் பலருக்கும் வருவதால், படிநிலை வகுத்த பாடம் ஒன்று கையில் இருப்பது பெரிய உதவி.

பயிற்சி நிறுவனங்களில் ஆசிரியராகச் சேர்வதா, நேரடியாக மாணவரைத் தேடுவதா என்பது அடுத்த தேர்வு. நிறுவனம் மாணவரைக் கொண்டுவந்து தரும். ஆனால் மணிக்கு எவ்வளவு என்பதை அதுவே முடிவு செய்யும், வேண்டாதபோது வகுப்பைக் குறைக்கவும் செய்யும். நேரடியாகத் தேடினால் முதல் மாணவர் கிடைக்கச் சில வாரங்கள் ஆகலாம். அதன்பின் விலை நம் கையில் இருக்கும். ஊர்க்காரர் வாட்ஸ்அப் குழு, கோவில், தேவாலயம், பழைய மாணவர் சங்கம் ஆகியவற்றின் வழியே கிடைக்கும் முதல் இரண்டு மூன்று பிள்ளைகளை அக்கறையோடு கவனித்தால் மற்றவர்கள் அவர்களின் பெற்றோர் மூலமாகவே வருவார்கள். என் பரிந்துரை நேரடி வழிதான். வெளிநாட்டில் இருப்போர் பலர் தங்கள் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியே கட்டணத்தை அனுப்பிவிட முடியும் என்பதால் பணப்பரிமாற்றமும் சிக்கலாக இருப்பதில்லை. மாதத் தொடக்கத்திலேயே கட்டணத்தைப் பெறுவது என்று முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுவது உறவைக் கெடுக்காது. சொல்லாமல் விடுவதுதான் கெடுக்கும். ஒரு சட்டக் குறிப்பையும் மறக்கக் கூடாது: 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 28-ஆம் பிரிவில், ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடுக்கிறது. ஆகவே இந்த வழி, பள்ளிப் பணியில் இல்லாதவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் உரியது.

கற்பித்தலுக்கு அடுத்ததாக நான் வைப்பது மொழிப்பணி. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் செய்யும் சாதாரண மொழிபெயர்ப்புக்கு இன்று மதிப்புக் குறைந்துவிட்டது. இயந்திரம் முதல் வரைவைத் தந்துவிடுவதால், அதைத் திருத்தும் வேலையையே பல நிறுவனங்கள் தருகின்றன. அதற்கான கூலி, புதிதாக மொழிபெயர்ப்பதற்குத் தருவதைவிடக் குறைவு. ஆனால் நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியான விளவங்கோடு, கிள்ளியூர், கல்குளம், திருவட்டாறு வட்டங்களில் தமிழும் மலையாளமும் ஒருங்கே அறிந்தவர்கள் இருக்கிறார்கள். விளம்பர வாசகம், காணொளிக்கான வசன வரிகள், தொலைபேசிவழி வாடிக்கையாளர் சேவை ஆகியவற்றில் இந்த இரு மொழி அறிவுக்குப் போட்டி குறைவு.

இதில் பெரும்பாலோர் எண்ணிப் பார்க்காத ஒரு வேலையும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரோடும், பின் திருவிதாங்கூர்–கொச்சியோடும் சேர்ந்திருந்ததால், பூர்வீகச் சொத்துகளின் பழைய பத்திரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டு எனப்படும் மலையாள ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. சென்னையிலும் வெளிநாட்டிலும் வாழும் வாரிசுகளால் அவற்றைப் படிக்க முடிவதில்லை; பழைய கையெழுத்தை இயந்திரமும் பிழையின்றிப் படிப்பதில்லை. பத்திரத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, தமிழில் பெயர்த்துத் திருப்பி அனுப்பும் பணிக்கு நியாயமான கட்டணம் கேட்கலாம். ஆனால் இது அவர்கள் விளங்கிக்கொள்வதற்கான மொழிபெயர்ப்பு மட்டுமே. நீதிமன்றத்துக்கோ பதிவு அலுவலகத்துக்கோ தேவைப்படும்போது வழக்கறிஞர் மூலமே செல்ல வேண்டும் என்பதை எழுத்தில் சொல்லிவிட வேண்டும். பிறருடைய சொத்து ஆவணங்களைக் கட்டணமில்லா மொழிபெயர்ப்புச் செயலிகளில் ஏற்றுவதும் முறையன்று.

வரைகலை, காணொளித் தொகுப்பு, இணையதள வடிவமைப்பு, டேலி கணக்கு போன்ற கைத்திறன் உள்ளவர்களுக்கு அப்வொர்க், ஃபைவர் போன்ற ஃப்ரீலான்ஸ் தளங்கள் உண்டு. இவை உண்மையான சந்தைகள். ஆனால் உலகமே போட்டியிடும் இடம் என்பதால் முதல் வேலை கிடைப்பதுதான் கடினம்; முதல் சில மதிப்பீடுகள் சேரும்வரை குறைந்த விலைக்கு வேலை செய்ய நேரும். ஃபைவர் 20 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ளும். 10 டாலர் வேலைக்கு 8 டாலர்தான் நம் கணக்கில் சேரும், அதன்பின் நாணய மாற்றுச் செலவும் உண்டு. அப்வொர்க்கில் வேலைக்கு விண்ணப்பிக்கவே கனெக்ட்ஸ் எனப்படும் சிறு கட்டணம் செலவாகும் என்பதால், கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பிக்காமல் நன்கு பொருந்துவதைத் தேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். தளத்துக்கு வெளியே வந்து பேசலாம், பணத்தை நேரடியாகத் தருகிறேன் என்று அழைப்பவரை ஏற்கவே கூடாது. தளம் பிடித்து வைத்துத் தரும் பணப் பாதுகாப்பு அந்த நொடியே போய்விடும். பகுதி நேரத்தில் உடனடி வருமானம் வேண்டுவோருக்கு இதை நான் முதல் வழியாகச் சொல்லமாட்டேன். ஆறு மாதம் பொறுக்க முடிந்த, திறமையை வளர்த்துக்கொள்ள விரும்பும் இளம் பட்டதாரிக்கு இது மற்ற எல்லாவற்றையும்விட உயரமாக வளரக்கூடியது.

இனி, மிகுதியாகத் தேடப்படும் 'வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை'. தரவு உள்ளீடும் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வதும் உண்மையான தொழில்கள்தாம். எனினும் ஊதியம் குறைவு. இயந்திரம் மிக வேகமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலையும் இதுவே. இதைவிடக் கவலை தருவது, இந்தப் பெயரில் நடக்கும் ஏமாற்று. அதன் ஒரு வகை இப்படி நடக்கிறது: படிவங்களை நிரப்பும் வேலை என்று சொல்லி, ஆதார் எண்ணும் கையெழுத்தும் வாங்கி, ஒப்பந்தம் ஒன்றை அனுப்புவார்கள். சில நாள் இரவும் பகலும் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தபின், துல்லியம் 90 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டது, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டாவிட்டால் வழக்கு என்று வழக்கறிஞர் பெயரில் அறிவிப்பு வரும். பயந்து பணம் கட்டுபவர்கள் பெரும்பாலும் வீட்டில் சொல்லாமல் வேலையில் சேர்ந்த பெண்களும் மாணவர்களும்தாம். அத்தகைய மிரட்டலுக்கு ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். வீட்டாரிடம் சொல்லிவிட்டுக் காவல் துறையிடம் புகார் செய்யுங்கள்.

இன்னொரு வகை, டெலிகிராம் குழுவில் சேர்த்து, விடுதிகளுக்கு நட்சத்திர மதிப்பீடு போடச் சொல்வது. முதலில் நூற்றைம்பது, இருநூறு ரூபாய் உண்மையாகவே வந்து சேரும். நம்பிக்கை பிறந்ததும், முன்பணம் கட்டினால் கூடுதல் லாபம் என்பார்கள். திரையில் லாபம் ஏறும், எடுக்கப் போனால் வரி கட்டு, கட்டணம் கட்டு என்று மேலும் கேட்பார்கள். மூன்றாவது வகை, நம் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்பது. கணக்கு வழியாகப் பணம் வந்துபோனால் கமிஷன் என்பது, திருட்டுப் பணத்தைக் கைமாற்ற நம் பெயரைப் பயன்படுத்துவதே ஆகும். குற்ற வழக்கு நம்மீதுதான் வரும். கணினி வேலை என்று கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் அழைத்துச் சென்று இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்துவது குறித்து இந்திய வெளியுறவு அமைச்சகம் பலமுறை எச்சரித்துள்ளது. வெளிநாட்டு வேலை நம் இளைஞர்களுக்குப் பழக்கமான கனவு என்பதால் இதையும் சேர்த்தே சொல்கிறேன். பணம் பறிபோனால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் கைமாறும் வழியில் அதை முடக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டுப் பொருளை இணையத்தில் விற்பது, நம் மாவட்டத்துக்கு இயல்பாகவே அமைந்த வழி. மார்த்தாண்டம் தேன், கன்னியாகுமரி கிராம்பு, மட்டி வாழை ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. கருப்பட்டி, நல்லமிளகு, ஜாதிக்காய், முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் சிப்ஸ் ஆகியவற்றுக்கு வெளியூர்களில் தேவை இருக்கிறது. இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப் பிசினஸிலோ படம் போட்டு விற்பவர் விலையைத் தாமே சொல்கிறார் என்பது இதன் பெரும் பலம்.

ஆனால் லாபத்தைத் தின்பது கூரியர் செலவு. பெரும்பாலான நிறுவனங்கள் அரைக் கிலோ வீதம் படிக்கட்டாகக் கட்டணம் வைக்கின்றன. அரைக் கிலோ தேனைப் புட்டியில் அடைத்துப் பெட்டியிட்டால் எடை அரைக் கிலோவைத் தாண்டி, ஒரு கிலோவுக்கான கட்டணம் விழும். எடை குறைந்த புட்டியில் 350 கிராம் அளவில் அடைத்தால் அரைக் கிலோப் படிக்குள் நிற்கும். அல்லது இரண்டு புட்டிகளாக மட்டுமே விற்பது என்று வைத்துக்கொள்ளலாம். சிப்ஸுக்கு வேறு சிக்கல். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் கன அளவு எடையையே பல நிறுவனங்கள் கணக்கில் எடுக்கும். 25, 20, 10 சென்டிமீட்டர் பெட்டியில் அரைக் கிலோ சிப்ஸ் அனுப்பினால் அது ஒரு கிலோவாகவே எண்ணப்படும். கிராம்பு, நல்லமிளகு, ஜாதிக்காய் போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை: சிறிய பொதி, அதிக மதிப்பு, கசிவதில்லை, உடைவதில்லை, எளிதில் கெடுவதில்லை. முதலில் விற்கத் தொடங்குவோர் நறுமணப் பொருளில் தொடங்குவது நல்லது என்பது என் உறுதியான கருத்து; மழைக்காலத்தில் ஈரம் கோத்துக்கொள்ளும் கருப்பட்டியும் கசியும் தேனும், பொதி கட்டக் கை பழகியபின் வரட்டும்.

சட்டத் தேவைகளும் உண்டு. வீட்டில் செய்தாலும் உணவுப் பொருளை விற்க உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். அந்த 14 இலக்க எண்ணை உறையில் அச்சிட வேண்டும். சிறு உற்பத்தியாளருக்கான அடிப்படைப் பதிவை இணையத்திலேயே குறைந்த கட்டணத்தில் பெறலாம். ஜிஎஸ்டியில், நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு நுட்பம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்கும் சிறு வணிகருக்கு விற்பனை வரம்புவரை பதிவு தேவையில்லை. ஆனால் வரிக்குட்பட்ட சரக்கை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால், கைவினைப் பொருள் போன்ற சில விலக்குகள் தவிர, முதல் பொதிக்கே பதிவு வேண்டும். களியக்காவிளையிலிருந்து பக்கத்துப் பாறசாலைக்கு அனுப்புவதும் மாநிலம் கடந்த விற்பனையே. திருவனந்தபுரத்து வாடிக்கையாளர்களை எண்ணித் தொடங்குவோர் முதலிலேயே ஒரு வரி ஆலோசகரைப் பார்த்துவிட வேண்டும். கற்பித்தல், மொழிபெயர்ப்பு போன்ற சேவைகளுக்கு இந்த மாநில எல்லைத் தடை இல்லை. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு வேண்டியதில்லை. வீட்டிலிருந்து தொடங்குவோருக்குச் சேவைப் பணி எளிது என்று நான் கருத இதுவும் ஒரு காரணம்.

யூடியூபைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். விளம்பர வருமானத்துக்கு 1000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளி என்றால் 90 நாளில் ஒரு கோடி பார்வைகள். 4000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்த்தால் 60,000 பார்வைகள் வேண்டும். அந்த வாயிலைக் கடந்தபின்னும் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். அதற்கு முன், முகவரியைச் சரிபார்க்கும் எண் தபாலில் வரும். நம் பக்கத்து முகவரிகளில் கதவு எண்ணைவிட வீட்டுப் பெயரும் அஞ்சலகப் பெயருமே வழக்கம் என்பதால், தபால்காரருக்குத் தெரிந்த வடிவிலேயே முகவரியைக் கொடுக்க வேண்டும். ஓராண்டுவரை வருமானம் இல்லாவிட்டாலும் செய்வேன் என்று சொல்லக்கூடிய ஆர்வம் இருந்தால் மட்டுமே இதில் இறங்கலாம். தேன் விற்பவரோ பாடம் நடத்துபவரோ தம் தொழிலுக்கான அறிமுகமாகக் காணொளி போடுவது வேறு; அதற்கு 200 பார்வையாளர்கூடப் போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கருத்துக்கணிப்புத் தளங்கள் தருவது கைபேசி ரீசார்ஜுக்கும் போதாது. பிற நிறுவனத்தின் பொருள் பட்டியலைப் பகிர்ந்து விற்கும் மறுவிற்பனையில் முதலீடு இல்லை, ஆனால் அளவு சரியில்லை என்று திரும்பிவரும் துணிகளுக்கு உறவினரிடம் பதில் சொல்ல வேண்டியவர் நாம்தான். ஆட்களைச் சேர்த்தால் பணம் என்னும் சங்கிலித் திட்டங்கள் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தடைசெய்யப்பட்டவை. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் 2025-இல் நாடாளுமன்றம் தடைசெய்துவிட்டது.

எந்த வழியானாலும் மின்சாரமும் இணையமும் இல்லாமல் நடக்காது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலின்போது நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. இணையப் பெட்டிக்கென்று ஒரு சிறு மின்கலச் சேமிப்பும், வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டையும் இருந்தால் நடுவில் வகுப்பு அறுந்துபோகாது. நேரலை வேலையான கற்பித்தலுக்கு இது கட்டாயம்; ஒருநாள் தாமதித்தாலும் பாதகமில்லாத மொழிபெயர்ப்புக்கு அவ்வளவு இல்லை. மின்தடை மிகுந்த மலையோர ஊர்களில் இருப்போர் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆகவே, பி.எட். முடித்தவரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் நேரடிக் கற்பித்தலைத் தேர்ந்தெடுக்கட்டும். மாலை இரண்டு மணி நேரத்தை வீட்டார் விட்டுக்கொடுப்பார்களா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். குழந்தை தூங்கும் நேரத்தில் மட்டுமே வேலை செய்ய முடிந்த, மலையாளம் அறிந்த தாய்க்கு, தமக்கு வசதியான நேரத்தில் செய்யக்கூடிய மொழிப்பணி ஏற்றது. கணினித் திறனுள்ள இளைஞர் ஃப்ரீலான்ஸ் தளத்தில் பொறுமையாக முயலலாம். அதுவரை கைச்செலவுக்கு இரண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கலாம். சொந்தத் தோட்டமோ தேன் பெட்டிகளோ உள்ள குடும்பம் விற்பனையில் இறங்கலாம். ரப்பர் தோட்டங்களில் தேன் வரத்து பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இருப்பதால், உணவுப் பதிவு, உறை அச்சு, கூரியர் ஒப்பந்தம் ஆகியவற்றை முந்தைய நவம்பரிலேயே தொடங்கிவிட்டால் புதுத் தேன் எடுக்கும் வாரத்திலேயே முதல் பொதியை அனுப்பிவிடலாம்.